யார் வந்து பார்த்தார்கள் என்று தேடாதீர்கள்

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ் வீடுகளிலிருந்து முனைவர் பட்டம் வரை படித்துவிட்டு, உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



இடுக்கி ஆனைக்கரையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காட்டில் பாரதப்புழைப் பக்கத்து ஆனைக்கரைப் பிள்ளைகளும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிப் பிள்ளைகளும் இது தங்களுக்கும் எழுதியது என்றே எடுத்துக்கொள்ளட்டும். மலையில் ஏலத்தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து படித்து வந்தவர்கள் பட்டிருக்கும் கஷ்டமும், அங்கே தென்னந்தோப்புக் கூலி வீட்டிலிருந்து படித்து வந்தவர்கள் பட்டிருக்கும் கஷ்டமும் ஒன்றுதான். காத்திருப்பும் ஒன்றுதான்.

உங்களில் பலர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறீர்கள். கட்டுரைகள், ஆய்வேட்டுச் சுருக்கம், பாடம் நடத்திய விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. நல்ல காரியம். அதோடு சேர்த்து, வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் ஒரு நிரலையும் பொருத்தியிருக்கிறீர்கள். விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறீர்கள், படுக்கப் போகும் முன்னும் அதைத்தான் பார்க்கிறீர்கள். "சார், ஹைதராபாத்திலேர்ந்து ரெண்டு பேரு பாத்திருக்காங்க. நான் அங்க அப்ளை பண்ணிருக்கேன். செலக்‌ஷன் கமிட்டியா இருக்குமா?" இப்படியொரு போன் வராத வாரமே இப்போது இல்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்த எண்ணிக்கையிலிருந்து உங்கள் வேலையைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. முடிந்தால்கூட, அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது என் கருத்து. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில், ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். எல்லையில் வாழ்கிற நமக்கு இது புதிய செய்தியில்லை. செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். நிற்பது கேரளம், போன் பிடிப்பதோ தமிழ்நாட்டு டவர். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் வீட்டு வாசலில் நின்று பேசியதற்கே வெளிமாநிலக் காசு போனது நம் பெற்றோருக்கு நினைவிருக்கும். கம்பெனியின் கணக்கில் நாம் எந்த டவரில் இருந்தோமோ அந்த ஊர்க்காரர். இணையதளக் கணக்குக்கு அந்த அளவுகூடத் தெரியாது. அதற்குக் கிடைப்பது ஐ.பி. முகவரி என்ற எண் மட்டும். அந்த எண் எந்த ஊரில் இருக்கலாம் என்று சில நிறுவனங்கள் பட்டியல் தயாரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஊர்ப்பெயர் போடுகிறார்கள். மொபைல் டேட்டாவில் ஒரே எண்ணுக்குப் பின்னால் ஏராளமான போன்கள் இருக்கும். மூணாறில் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைப் படிப்பவர் கொச்சி என்றோ, சென்னை என்றோ, மும்பை என்றோ பதிவாவது அன்றாடம் நடப்பதுதான். நீங்கள் பார்த்த ஹைதராபாத், உங்கள் அத்தை மகன் திருப்பூரில் பஸ்ஸில் போகும்போது பார்த்ததாகவும் இருக்கலாம்.

அந்தப் பட்டியல்கள் எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஒரு நடந்த கதை உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. வயதான ஒருவருக்குச் சொந்தம், குடியிருந்தவர்கள் வாடகைக்காரர்கள். அந்த வீட்டுக்குப் போலீஸ் வரும், வரித்துறை வரும், காணாமல் போனவர்களைத் தேடி ஆட்கள் வருவார்கள், எங்கிருந்தோ ஏமாற்றப்பட்டவர்கள் கோபத்தோடு தேடி வருவார்கள். ஏன் வருகிறார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. 2016 ஏப்ரலில் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் தன் பட்டியலில், அமெரிக்கா என்று மட்டும் தெரிந்து ஊர் தெரியாத எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்துவிட்டது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. அவர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் நிறுவனம் புள்ளியை நகர்த்தியது. அங்கே வாடகைக்கு இருந்த குடும்பம் வழக்குப் போட்டது. போலீஸ்காரர்களே நம்பி ஏமாந்த பட்டியலை வைத்துக்கொண்டு நீங்கள் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்கிறீர்கள்.

வருகிறவர்களில் எத்தனை பேர் மனிதர்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு தங்கை தன் கணக்கின் ஒரு வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நேரம் இரவு இரண்டேகால். ஊர் ஆஷ்பர்ன், வர்ஜீனியா. பார்த்த பக்கம் ஆய்வுக் கட்டுரைகள். தங்கியிருந்த நேரம் பூஜ்யம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்ததால் அன்றிரவு தூங்கவே இல்லை. ஆஷ்பர்ன் பெரிய பெரிய தரவு மையங்கள் நிறைந்த ஊர். அமேசான் நிறுவனத்தின் கணினிக் கூடங்கள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து வருபவை பெரும்பாலும் இணையத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள். கூகுளின் தரவு மையம் உள்ள அயோவா மாநிலத்து கவுன்சில் பிளஃப்ஸும் அப்படித்தான். தேடுபொறிகள் பக்கங்களைச் சேகரிக்கின்றன, இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் நிரல்களும் சேகரிக்கின்றன. கூகுள் தரும் கணக்கெடுப்பு நிரல், தனக்குத் தெரிந்த தானியங்கி நிரல்களைக் கழித்துவிடும். தெரியாதவை உள்ளே வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறீர்கள். உண்மையிலேயே உங்கள் பக்கத்தை வரி விடாமல் படித்தவர் கணக்கில் வராமலே போகலாம். விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர், பிரேவ் உலாவி பயன்படுத்துபவர், கட்டுரையைத் தரவிறக்கி அச்செடுத்துப் படித்தவர், யாரோ அனுப்பிய பி.டி.எஃப். கோப்பைப் படித்தவர் என்று இவர்களில் பலர் அந்த நிரலின் கண்ணில் படமாட்டார்கள். விவரம் தெரிந்த பேராசிரியர்கள் பலர் இந்த வகைதான். எண்ணிக்கை கூடினாலும் பொருளில்லை, பூஜ்யமாக நின்றாலும் பொருளில்லை.

"ஆனா சார், அமெரிக்காவுல இருக்கற சீனியர் அக்கா, யுனிவர்சிட்டி பேரே காட்டும்னு சொன்னாங்களே" என்று ஒரு தம்பி கேட்டான். அந்த அக்கா சொன்னது பொய்யில்லை. அது பழைய காலம். அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் வாங்கிய கூகுள், அந்த ஆண்டு நவம்பரிலேயே அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் அதை வெளியிட்டு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதில் வருகையாளர் எந்த நிறுவனத்தின் இணைப்பிலிருந்து வந்தார் என்று ஒரு பத்தி இருந்தது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சொந்த வலையமைப்பு உண்டு என்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரே அந்தப் பத்தியில் வந்துவிடும். வேலை தேடும் காலத்தில் முனைவர் பட்டதாரிகள் அதைப் பார்த்து ஆறுதல் தேடிய வழக்கம் அப்படி வந்தது. 2020 பிப்ரவரியில் கூகுள் அந்தப் பத்தியைத் தருவதை நிறுத்தியது. 2023 ஜூலையிலிருந்து பழைய அனலிட்டிக்ஸையே படிப்படியாக மூடியது. இப்போதிருக்கும் நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரியைச் சேமித்து வைப்பதே இல்லை. சொந்த சர்வர் வைத்துப் பதிவேட்டைப் பார்க்கிறவர்களுக்கும் இந்தியாவில் பெரிய துப்பு கிடைக்காது. நம் ஐ.ஐ.டி.க்கள், மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் தேசிய அறிவு வலையமைப்பு வழியாக இணைந்திருப்பதால் அந்த வலையமைப்பின் பெயரே வரலாம். பல்கலைக்கழகத்தின் பெயரே வந்தாலும் என்ன? அங்கே ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். உங்கள் தலைப்பில் முதுகலைத் திட்டக்கட்டுரை எழுதும் மாணவி ஒருத்தி தேடி வந்திருக்கலாம். அவள் வந்தது உங்களுக்கு மகிழ்ச்சி தர வேண்டிய செய்திதான், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி, தேர்வுக்குழுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வெளியிலிருந்து அழைக்கப்படும் பாட வல்லுநராகச் சில குழுக்களில் இருந்திருக்கிறேன். வல்லுநர்கள் வந்து உட்காரும்போதே பட்டியல் தயாராகியிருக்கும். 2018ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளில் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைப்பதற்கான மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு 30. முதுகலைக்கு 25 வரை. இளங்கலைக்கு 15 வரை. ஜே.ஆர்.எஃப்.புடன் நெட் தேறியிருந்தால் 7, வெறும் நெட் என்றால் 5. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை. கற்பித்தல் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. விருதுகளுக்கு 3 வரை. மொத்தம் 100. அலுவலக உதவியாளர் ஒருவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சான்றிதழ் நகலாகப் புரட்டி, பென்சிலால் டிக் அடித்துக் கூட்டிப் போட்ட தாள் அது. அந்தத் தாளில் இணையதளத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. அந்த 100 மதிப்பெண்ணும்கூட நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான். அதன் பிறகு நேர்காணலில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்தே தேர்வு என்று அந்த விதி சொல்கிறது.

ஐ.ஐ.டி., ஐசர் போன்ற இடங்களிலும் வெளிநாட்டிலும் நிலைமை வேறு. அங்கே ஆய்வுத் திட்டம் கேட்பார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், கருத்தரங்க உரை நிகழ்த்தச் சொல்வார்கள். குழுவில் உள்ளவர்கள் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் உண்டு. எப்போது திறப்பார்கள்? முதல் வடிகட்டலின்போது திறக்கலாம். உங்களை வேண்டாம் என்று முடிவு செய்வதற்காகவும் திறக்கலாம். முடிவெல்லாம் ஆன பிறகு கருத்தரங்க அறிவிப்பில் போட ஒரு புகைப்படம் எடுப்பதற்காகவும் திறக்கலாம். மூன்றுமே கணக்கில் ஒன்று என்றுதான் விழும்.

இவ்வளவும் முடியாது என்பதற்கான காரணங்கள். கூடாது என்பதற்கான காரணம் இதைவிட முக்கியமானது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி இணைப்பு கொடுத்து, எது அழுத்தப்படுகிறது என்று பார்க்கும் வழியை உங்களில் சிலர் கையாள்கிறீர்கள். பரிந்துரை கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தைப் பொதிந்து, திறந்தாரா இல்லையா என்று அறியும் சேவைகளையும் பயன்படுத்துகிறீர்கள். தொழில்நுட்ப ரீதியாகவும் அவை இப்போது உதவுவதில்லை. நிறுவனங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு நிரல்கள் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க இணைப்புகளைத் தாமாகவே திறக்கின்றன. ஆப்பிள் 2021இலிருந்து படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதியைக் கொடுத்திருப்பதால், திறக்காத மின்னஞ்சலும் திறந்ததாகக் காட்டும். ஆனால் நான் கேட்பது வேறு. உங்கள் ஆய்வுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தபோது சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியிடம் விவரம் சொல்லிக் கைநாட்டு வாங்கினீர்கள். அதே நீங்கள், உங்கள் கட்டுரையைப் படிக்க வரும் ஒருவரிடம் சொல்லாமல் அவர் எங்கிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று குறித்து வைப்பது எப்படிச் சரியாகும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் உள்ள தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் 2022இல், தாங்கள் விசாரித்த தளங்கள் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய விதம் அங்குள்ள சட்டத்துக்கு ஒவ்வாது என்றே முடிவு சொல்லியிருந்தன.

காசு கேட்கும் சேவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை யாரோ தேடினார்கள், உங்கள் கட்டுரையை யாரோ படித்தார்கள், யார் என்று அறியக் கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் மின்னஞ்சல்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் நாட்டில் அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

கணக்கெடுப்பே வேண்டாம் என்கிறேனா? பக்கத்தைத் திருத்துவதற்கு அது பயன்படும். மாதம் ஒருமுறை பாருங்கள், போதும். கோட்கவுண்ட்டர் போன்ற, குக்கீ வைக்காத எளிய கணக்கே இதற்குப் போதுமானது. எந்தக் கட்டுரை அதிகம் பார்க்கப்படுகிறது, எந்தப் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை என்பது தெரியும். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி, எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று சொல்லும். தேடியவர் யார் என்று சொல்லாது. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இப்படித் தேடுவதில் நம் எல்லையோரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். மதுரையிலோ கோவையிலோ வாங்கிய பட்டத்தில் முன்னால் வந்துவிடும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். கட்டுரையில் வழிகாட்டி தன் இஷ்டத்துக்கு ஒரு எழுத்துக்கூட்டல் போட்டிருப்பார். ஒரே ஆள் ஆங்கிலத்தில் நான்கு பெயரில் உலவுவான். இப்படிப்பட்ட பெயரை வல்லுநர் ஒருவர் கூகுளில் தேடினால் அவருக்கு வேறு யாரோதான் கிடைப்பார்கள். உங்கள் பெயரின் எந்தெந்த வடிவத்தைத் தேடும்போது உங்கள் பக்கம் வருகிறது என்று சர்ச் கன்சோலில் பார்த்து, எல்லா வடிவங்களையும் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆர்கிட் எண் இல்லாதவர்கள் இன்றே வாங்குங்கள். 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் பதினாறு இலக்க எண் அது. பெயர் எத்தனை விதமாக இருந்தாலும் ஆள் ஒருவர்தான் என்று நிறுவிவிடும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடத்த முடியும் என்றால் அதை எங்கோ கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். சித்தூர் அரசுக் கல்லூரிக்கும் மூணாறு அரசுக் கல்லூரிக்கும் வரும் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் ஏன் அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. வேறு எந்தத் தகவலும் வருவதில்லை. கட்டணம் கட்டி, நகல்களை அடுக்கி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பியதோடு சரி. தேர்வாகாதவர்களுடன் கடிதத் தொடர்பு கிடையாது என்று விளம்பரத்திலேயே அச்சடித்துவிடுகிறார்கள். ஒரு மனிதனின் பத்தாண்டுப் படிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, இல்லை என்று சொல்ல ஒரு வரி மின்னஞ்சல்கூட அனுப்பாத வழக்கம் கொடுமையானது. துணைவேந்தர்களும் பதிவாளர்களும் வெட்கப்பட வேண்டிய வழக்கம். கூப்பிடுவார்களா என்று வீட்டில் அம்மா தினமும் கேட்கும்போது, சொல்வதற்கு எதுவும் இல்லாத பிள்ளைகள் வருகையாளர் எண்ணிக்கையில் போய் நிற்கிறார்கள். தப்பு உங்கள் பக்கம் தொடங்கவில்லை.

ஆனால் தெரிந்துகொள்ள நேர்வழி ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. மத்தியப் பல்கலைக்கழகம் என்றாலும் கேரளத்தில் என்றாலும் கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் என்றால் அதுவும் வேண்டாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அதன் பிறகு தகவல் ஆணையம். அட்டவணையின்படி எனக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள், எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு, என் பிரிவில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட கடைசி ஆளின் மதிப்பெண் என்ன என்று மூன்று கேள்வி எழுதுங்கள். முடிவு வெளிவந்த பிறகு அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டு, முகவரி கொடுத்து, நேருக்கு நேராகக் கேட்கும் கேள்வி அது. கட்டுரை ஒன்றை விட்டுவிட்டார்களா, அனுபவ ஆண்டைக் குறைத்துப் போட்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்த விண்ணப்பத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

இந்த ஆண்டு அழைப்பு வராதவர்கள் அந்த மனுவை அனுப்புங்கள். எழுதுவதில் தயக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைக்கரைக்கு வாருங்கள். விண்ணப்பத்தின் நகலையும் விளம்பரத்தின் நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர் ஆசிரியர்
ஆனைக்கரை, இடுக்கி